வியாழக்கிழமை டிஷ்கள்

ஜூன் 8, வியாழன்

நாளைக் காலை கோவில்பட்டியில் மச்சினியின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. போகாவிட்டால் என் மனைவி பொன்கனி ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவாள். போனால் ஆய்வகத் தலைவர் சுலோச்சனா மேடம் ஒரு மாதத்துக்குச் சொல்லிக்காட்டுவார். ஒரு மாதமே மேல் என்று மதியத்தோடு ஆய்வகத்திலிருந்து கிளம்பிவிட்டேன்.

கிளம்புமுன் பாதி வேலை முடிந்தது. பன்னிரண்டு டிஷ். எல்லாவற்றிலும் ஆராய்ச்சி மாணவி ஃபௌசியா நோயாளிகளின் தோலிலிருந்து வளர்த்துக் கொடுத்த செல்கள். ஆறில் பதினேழாம் நம்பர் மருந்து போட்டது, ஆறில் போடாதது. பன்னிரண்டிலும் 'பாதி-பாதி'யை ஏற்ற வேண்டும். ஏற்றுகிற திரவம் ஆறாவது டிஷ்ஷோடு காலி. மருந்து போட்ட ஆறும் முடிந்தன. மற்ற ஆறுக்குப் புதுப் பாட்டில் வரவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திருமங்கலம் தாண்டியதும் பொன்கனி கேட்டாள். "அப்படி என்னத்தத்தான் பாக்கிய அந்த டிஷ்ல?" பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விளக்கம் முழுசாக வராவிட்டால் விடமாட்டாள்.

செல்லுக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் குளத்தில் தாமரை இலைபோல் தனித்தனியாக மிதக்கின்றன என்றுதான் நாங்கள் படித்தோம். அப்படி இல்லை. மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பையும், செல் முழுக்க ஓடும் சவ்வு வலையையும் எடுத்துக்கொண்டால், சில இடங்களில் இரண்டும் உரசாத குறையாக நெருங்கி நிற்கும். ஒரு மயிரை நாலாயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் அளவுதான் இடைவெளி. ஒன்றோடொன்று கலந்துவிடாது. அந்த இடுக்கு வழியாகத்தான் கால்சியமும் கொழுப்பும் கைமாறும், சேதியும் போகும். ஃபௌசியா ஆராய்கிற நரம்பு நோயில் இந்த நெருக்கம் குறைந்துவிடுகிறது. பதினேழாம் நம்பர் அதைத் திரும்பக் கொண்டுவருமா என்பதுதான் கேள்வி.

"நீயும் பக்கத்து வீட்டு அக்காவும் மாடிச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் மாத்திக்கிடுவீங்கல்லா, அந்த மாதிரி," என்றேன்.

"அந்த இடுக்கு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?"

அதற்குத்தான் பாதி-பாதி. ஒளிரும் புரதம் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வலையிலும் மறு பாதியை மைட்டோகாண்ட்ரியாவிலும் உட்கார வைக்கிறோம். இரண்டும் நெருங்குகிற இடத்தில் பாதிகள் சேர்ந்து பச்சையாக ஒளிரும். பச்சைப் புள்ளிகளை எண்ணவேண்டியதுதான்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்று தூங்கிப்போனாள்.

ஜூன் 10, சனி

புதுப் பாட்டில் வந்திருந்தது. மீதி ஆறையும் போட்டேன். பால்காய்ப்பு வீட்டுப் பணியாரம் இன்னும் வயிற்றில் கிடக்கிறது.

ஜூன் 12, திங்கள்

பச்சை! மருந்து போட்ட ஆறிலும் வேப்பமரம் பூத்த மாதிரி புள்ளி புள்ளியாக. போடாத ஆறில் அங்கொன்றும் இங்கொன்றும். ஃபௌசியா மைக்ரோஸ்கோப் அறையிலேயே குதித்தாள். மூன்று வருஷமாக அவள் வளர்த்த செல்கள். கீழக்கரைக்குப் போன் போட்டு, "உம்மா, பச்சையா வந்திருச்சும்மா," என்று கத்தினாள். அவள் உம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அவர்களும் கத்தினார்கள். இங்கே வரை கேட்டது.

மேடம் வந்து திரையைப் பார்த்தபடியே கேட்டார். "எல்லாம் ஒண்ணா ஒரே நாள்ல போட்டதுதானே சேர்மதுரை?"

தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பால்காய்ப்பு, பஸ், காலி பாட்டில் என்று நீட்டி முழக்குவானேன்.

ஜூன் 21, புதன்

திருநெல்வேலியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் வந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில். இங்கே என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது, அதனால் பொன்கனி சாமி படத்துக்குச் சூடம் கொளுத்தினாள். நேர்காணலில் அந்தப் பச்சைப் படங்களைத்தான் முதலில் காட்டப்போகிறேன்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையிலும் அந்தப் படம்தான் முதல் படம். வேறொருவர் கையால் ஒருமுறை திரும்பச் செய்து பார்க்கவேண்டும் என்றார் மேடம். ஃபௌசியா செய்வாள். பக்ரீதுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து ஆரம்பிக்கிறாளாம்.

ஜூலை 3, திங்கள்

கீழக்கரையிலிருந்து எனக்கென்று தனி டப்பாவில் தொதல் என்ற இனிப்பு கொண்டுவந்திருக்கிறாள். "உம்மா குடுத்துச்சுண்ணே. உங்க கை ராசியான கையாம்." கறுப்பாக, எண்ணெய் மினுங்க, பல்லில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. நாலு துண்டு தின்றேன்.

ஜூலை 7, வெள்ளி

ஃபௌசியாவுக்கு அந்தப் பச்சை வித்தியாசம் வரவில்லை. மருந்து போட்டதும் போடாததும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் தடவை அப்படித்தான் இருக்கும், கை பழகவேண்டும் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

இரண்டாம் தடவையும் இல்லை. மேடம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "அவர் செஞ்சா வருது, நீ செஞ்சா வரலை. என்னம்மா பண்ற நீ? ஆகஸ்ட்ல கமிட்டி இருக்கு, ஞாபகம் இருக்கா? ரிப்பீட் இல்லாம உனக்கு எப்படி எக்ஸ்டென்ஷன் கேக்கறது நான்?"

உதவித்தொகை ஆகஸ்டோடு முடிகிறது. குழு நீட்டிப்புத் தராவிட்டால் பட்டமில்லாமல் ஊருக்குப் போகவேண்டியதுதான். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சில பேருக்குக் கை கொஞ்சம் முரடு. என்ன செய்ய முடியும்.

ஜூலை 18, செவ்வாய்

மதியம் வாராந்தரக் கூட்டம். முதலாண்டு மாணவன் ஒருவன் ஒரு கட்டுரையை வாசித்தான். சாப்பாட்டுக்குப் பின்னால் வழக்கமாக நான் தூங்கும் நேரம் அது. இன்று தூங்கவில்லை.

பாதி-பாதி ஒருமுறை சேர்ந்தால் பிரியாதாம். உயிருள்ள செல்லில் வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். பாதி-பாதி சேர்ந்த இடத்திலோ விலகவே முடியாது, பிடித்தபிடியாக நிற்கும். நேரம் ஆக ஆகப் பிடிப்பு கூடிக்கொண்டே போகும். நெருக்கத்தைப் பார்க்க வைத்த அடையாளமே நெருக்கத்தை உண்டாக்கிவிடுகிறது.

மேடம் சொன்னார், "அதனாலதான் எல்லா டிஷ்ஷும் ஒரே நாள்ல போடணும்னு தலைதலையா அடிச்சுக்கறேன். நம்ம சேர்மதுரை போட்டதெல்லாம் அப்படித்தான். அதை நம்பலாம்."

ஃபௌசியா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

மருந்து போட்ட ஆறுக்கு வியாழன் முதல் திங்கள்வரை நேரம் இருந்தது. போடாத ஆறுக்குச் சனி முதல் திங்கள்வரைதான்.

ஜூலை 19, புதன்

மின்கட்டணம் கட்டினேன். ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தேன்.

ஜூலை 21, வெள்ளி

மூன்றாம் தடவையும் வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே ஆக்சிஜன் சிலிண்டர்கள் நிற்கிற இடத்தில் ஃபௌசியா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பார்க்காதது மாதிரி போயிருக்கலாம். போகவில்லை.

கேட்டுக்கு வெளியே அழைத்துப்போய், தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சுக்கு தூக்கலாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தாள்.

"என் கையிலதான் ஏதோ கோளாறுண்ணே. ராத்திரி படுத்தா இந்தக் கையையே பாத்துக்கிட்டு கெடக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா. நல்ல கைதான்," என்றேன்.

"நீங்க மட்டுந்தாண்ணே அப்படிச் சொல்றீங்க."

காசை நான்தான் கொடுத்தேன். அதையும் எழுதி வைக்கத் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 25, செவ்வாய்

சாம்பார் நன்றாக இருந்தது, ஆனால் இறங்கவில்லை. பொன்கனி விடவில்லை. ஆய்வகத்தில் ஒருத்தன் இப்படி ஒரு தப்புப் பண்ணிவிட்டான் என்று சொன்னேன். பாதி-பாதி பிரியாது என்ற விஷயத்தையும் சொன்னேன்.

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப ரெண்டு பேரையும் கயித்தப் போட்டுக் கட்டிட்டு, பாருங்க எவ்ளோ ஒத்துமையா இருக்காவன்னு சொல்லுதிய. இதுக்கா இம்புட்டு நாள் படிச்சிய?"

"நான் இல்ல. ஒருத்தன்."

"சரி, ஒருத்தன். அவன் போய்ச் சொல்லிட்டானா?"

"சொல்லுவான்."

"சொன்னா அவன் வேலைக்கு ஆபத்து வருமோ?"

"நேர்காணல் இருக்கு அவனுக்கு." சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள்.

ஜூலை 31, திங்கள்

யாரையும் குற்றம் சொல்லுமுன் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் அல்லவா. அதுதான் விஞ்ஞானம். இரண்டு டிஷ் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் மருந்து இல்லை. ஒன்றில் வியாழக்கிழமை பாதி-பாதியைப் போட்டேன், ஒன்றில் சனிக்கிழமை. குழம்பிவிடக்கூடாதென்று மூடியில் கிழமையும் எழுதினேன். இன்று படம் எடுத்தேன்.

வியாழன் டிஷ்ஷில் வேப்பமரம் பூத்திருக்கிறது. மருந்தே இல்லாமல்.

ஆகப் பதினேழாம் நம்பர் ஒன்றுமே செய்யவில்லை. அந்தப் பச்சையெல்லாம் கோவில்பட்டி பால்காய்ப்புப் பச்சை. ஃபௌசியாவின் கையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சோதனையைச் சரியாகச் செய்த ஒரே கை அவளுடையதுதான்.

நாளை சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மேடம் டெல்லியில்.

ஆகஸ்ட் 2, புதன்

மேடம் வந்துவிட்டார். அவருக்குத் தலைவலியாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

நான் வாயைத் திறக்குமுன் மேடம் திறந்துவிட்டார். "சேர்மதுரை, கமிட்டிக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை. நீங்க அவ பக்கத்துல உக்காந்து, உங்க கையாலயே போட்டுக் குடுங்க. பாவம், அந்தப் பொண்ணு காஞ்சு போயிருக்கா."

ஹூட் என்கிற கண்ணாடி அடைப்புக்கு முன்னால் நானும் ஃபௌசியாவும். பன்னிரண்டு டிஷ். மருந்து போட்ட ஆறையும் முடித்தேன். பாட்டிலில் நிறையத் திரவம் இருந்தது. மீதி ஆறைச் சனிக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அவள் கேட்கமாட்டாள். திங்கட்கிழமை மருந்து போட்ட ஆறில் மட்டும் பச்சை பூக்கும். அவளுக்கு நீட்டிப்பு, எனக்குத் திருநெல்வேலி, மேடத்துக்குக் கட்டுரை. யாரும் அழவேண்டியதில்லை. வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? கை வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல," என்று மீதி ஆறையும் போட்டுவிட்டேன்.

இந்த ஒரு மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதைத்தான் நல்ல காரியம் என்று எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

எதிர்பார்த்ததுதான். இரண்டிலும் ஒன்றுபோலப் பச்சை. நான் எதிர்பார்த்தேன், அவள் எதிர்பார்க்கவில்லை.

அவள் இந்தத் தடவை அழவில்லை. ரொம்ப நேரம் திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "உங்க கையாலயும் வித்தியாசம் வரலைன்னா, கோளாறு கையில இல்லண்ணே. என் செல்லுதான் கெட்டுப்போச்சு. ஜூன்ல நல்லா இருந்துருக்கு, அதுக்கப்புறம் நான் எங்கயோ கெடுத்துட்டேன்."

"அப்படிச் சட்டுனு முடிவு பண்ணாத."

"வேற என்னண்ணே இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டாள். "நீங்களே சொல்லுங்க" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வளர்ந்துகொண்டிருந்த செல்களையெல்லாம் ஃபௌசியா பிளீச்சிங் ஊற்றிக் கொன்றுவிட்டாள். கெட்ட செல் இன்குபேட்டரில் இருந்தால் மற்றவர்கள் செல்லையும் கெடுத்துவிடும் என்று அவளுக்குப் பயம். நல்ல பழக்கம்தான். ஒவ்வொரு தட்டாக ஊற்றினாள், சிவப்புத் திரவம் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் அடுத்த மேசையில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கனவே அடுக்கியிருந்த குழாய்களை. வீட்டுக்கு வந்து குளித்தபிறகும் அந்த வாடை போகவில்லை.

அதே செல்களை உறையவைத்த குப்பிகள் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

குழுவில் நாலு பேர். மேடம் ஓரத்தில். நாங்கள் பின்வரிசையில். ஃபௌசியா கறுப்பு அபாயாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலேயே வந்து நின்றாள். ஜூன் படங்களைக் காட்டினாள். பிறகு வராத நாலு தடவையையும் ஒளிக்காமல் காட்டினாள்.

"சேர்மதுரை அண்ணன் செஞ்சது சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் வராததுக்கு என் கவனக்குறைவுதான் காரணம். செல்லை நான் கெடுத்துட்டேன். உறையவச்ச குப்பியையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்க அனுமதி கேக்கேன்."

குழுத் தலைவர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். "அழிச்சிட்டா மறுபடியும் அதே நோயாளிங்ககிட்ட போய்த் தோல் வாங்கணுமேம்மா. தருவாங்களா?"

"ஏழு பேர் குடுத்தாங்க சார். அதுல ரெண்டு பேர் இப்ப இல்ல."

என் கால் எழுந்துவிட்டது. நான் எழுந்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

"அழிக்கவேண்டாம் சார். செல் கெடல. ஜூன்ல போட்டதுதான் தப்பு. மருந்து போட்ட டிஷ்ஷுக்கு வியாழக்கிழமை ஏத்தினேன், போடாததுக்குச் சனிக்கிழமை ஏத்தினேன். ரெண்டு நாள் கூடக் கிடைச்சதால பாதி-பாதியே பிடிச்சுக்கிட்டு பச்சையாயிருச்சு. மருந்து ஒண்ணும் செய்யல. ஃபௌசியா செஞ்சதுதான் சரி. அதுக்கப்புறம் வந்த நாலு முடிவும் சரி."

ஃபௌசியா என்னைப் பார்க்கவில்லை. திரையில் நின்ற ஜூன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம்தான் கேட்டார். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"நேத்துத்தான் மேடம். பழைய குறிப்பைப் புரட்டும்போது."

அப்படித்தான் சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தபிறகும், கடைசிப் படியில் நின்று, அப்படித்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஜூலை பதினெட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி எழுந்து நின்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும் தம்பி." ஃபௌசியாவுக்கு ஒரு வருஷம் நீட்டிப்புக் கிடைத்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்பதும் ஒரு முடிவுதான், பாதி-பாதி ஏமாற்றும் என்பதும் ஒரு முடிவுதான், இரண்டையும் எழுது என்றார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, சனி

நேர்காணலுக்கான பரிந்துரைக் கடிதத்தில் மேடம் என் நேர்மையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். அனுப்புமுன் ஒருமுறை பார்க்கச் சொன்னார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை மேடம் என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் ஃபௌசியா உறையவைத்த குப்பிகளில் ஒன்றை எடுத்து உருக்கியிருந்தாள். செல்கள் நன்றாக இருந்தன, தட்டில் ஒட்டி நீள ஆரம்பித்துவிட்டன. அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்து அவள் மேசைக்குப் போனேன்.

"அண்ணே, போன மாசக் கடைசியில இன்குபேட்டர்ல ரெண்டு டிஷ் இருந்துச்சு. உங்க கையெழுத்து. ஒண்ணுல வியாழன், ஒண்ணுல சனின்னு போட்டிருந்துச்சு." குரலை உயர்த்தவில்லை. "எனக்காகத்தான் ஏதோ பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கேக்கல. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் பிளீச்சிங் ஊத்துனப்ப?"

"தெரியும்மா."

கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றினாள். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் விட்டுவிடுவாள் என்றும் ஒரு ஆசை.

"சிலிண்டர்கிட்ட நான் அழுதுட்டு இருந்தேன். பருத்திப்பால் வாங்கிக் குடுத்தீங்க. அன்னிக்கு?"

நேற்றுத்தான் என்று சொல்லும் வாய் எனக்கு இருக்கிறது. அதை இன்று திறக்க முடியவில்லை. "அன்னிக்கும் தெரியும். அதுக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும்."

தலையை மட்டும் அசைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரி உம்மாகிட்ட உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தேன். எல்லாரும் ஏசுறாங்க, ஒரு அண்ணன் மட்டும் நல்ல கைன்னு சொல்றாருன்னு. உம்மா உங்களுக்கு துஆ செஞ்சாங்க."

மேடத்திடம் போய் உண்மையான தேதியைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்கிறேன் என்றேன். அவள் கேட்டமாதிரியே தெரியவில்லை. சொல்லத்தான் போகிறேன். இங்கே எழுதுவதாலேயே நம்பவேண்டும் என்றில்லை. முன்பும் ஒருமுறை 'நாளை' என்று எழுதியிருக்கிறேன்.

அவள் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு டிஷ்களை ஹூட்டுக்குள் வரிசையாக வைத்தாள். பழக்கதோஷத்தில் நான் பக்கத்து நாற்காலியை இழுத்தேன்.

"இனிமே நானே பாத்துக்கறேன், சார்," என்றாள்.

மூன்று வருஷத்தில் முதல் தடவை சார்.

நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தேன். அவள் மூடி ஒவ்வொன்றிலும் தேதியும் கிழமையும் எழுத ஆரம்பித்தாள். நாலாவது மூடியில் பேனா மங்கியது. என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். அவளிடம் வேறு பேனா இருந்தது.